அம்மாவை வேளாங்கண்ணி மாதா கோலத்தில் வரையலாமா? சிக்கானா ஓவியர்களைப் பார்த்து வந்த யோசனை

தேக்கா_தூரிகை:

வணக்கம். நான் இங்கே சிங்கப்பூரில் ஓவியம் படிக்கிறேன், கடைசி வருடம். இறுதிப் படைப்புக்கு ஒரு தொடர் செய்யவேண்டும், அதைப் பற்றித்தான் கேள்வி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 கடைசியில் நேஷனல் கேலரியில் 'டிராப்பிக்கல்' என்று தென்கிழக்கு ஆசியாவையும் லத்தீன் அமெரிக்காவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பெரிய கண்காட்சி நடந்ததே, அதற்கு மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோவின் படைப்பைப் பார்க்கத்தான் போனேன். அங்கிருந்து மெக்சிகோ, அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் என்று படித்துக்கொண்டே போய், சிக்கானா என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஓவியர்களிடம் வந்து நின்றுவிட்டேன். இவர்கள் 1970களிலிருந்தே, மெக்சிகோ மக்கள் கும்பிடும் குவாதலூப்பே மாதாவை எடுத்துத் தங்கள் வழியில் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். அதில் யோலாண்டா லோபெஸ் 1978ல் வரைந்த மூன்று ஓவியங்கள் என்னை விடவே மாட்டேன் என்கின்றன. ஒன்றில் அவரே மாதாவின் ஒளிவட்டத்திலிருந்து ஓட்டக் காலணியோடு பாய்ந்து வெளியே வருகிறார். இன்னொன்றில் அவருடைய அம்மா, தையல் இயந்திரத்தின் முன்னால். மூன்றாவதில் பாட்டி. மூவருக்கும் பின்னால் அதே தங்கக் கதிர்கள்.

எங்கள் வீட்டிலும் மூன்று தலைமுறைப் பெண்கள்தான். பாட்டி தேக்காவில் பூக்கட்டிப் பிழைத்தவர். அம்மா பகலில் ஒரு பள்ளி உணவகத்தில் வேலை, ராத்திரி வீட்டில் ரவிக்கை தைப்பார். நாங்கள் கத்தோலிக்கர்கள், வரவேற்பறையில் டிவிக்கு மேலே வேளாங்கண்ணி மாதா படம் இல்லாத ஒரு நாளும் எனக்கு நினைவில்லை. அதனால் எங்கள் மூன்று பேரையும் வேளாங்கண்ணி மாதாவின் புடவை, கிரீடம், காலடிப் பிறையோடு வரையலாம் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னதும் முகமே மாறிவிட்டது. "என்னை வேணும்னா வரை, மாதாவை விட்டுடு" என்றார். கோபம்கூட இல்லை, பயந்த மாதிரி இருந்தது, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இதைச் செய்வது அவமரியாதையா? அந்த ஓவியர்களின் சொந்த மக்கள் அவற்றை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? படித்தவர்கள், வரைபவர்கள், பக்தி உள்ளவர்கள் எல்லோருமே சொல்லுங்கள்.

பழைய_சுவர்:

தங்கச்சி, நல்ல இடத்தில் பிடித்திருக்கிறாய். அந்த மூன்று ஓவியத்தையும் மேலோட்டமாகப் பார்த்தால் "மாதா இடத்தில் குடும்பத்தை உட்கார வைத்துவிட்டார்" என்று தோன்றும். அதற்கு மேல் ஒவ்வொன்றிலும் ஒரு வேலை நடக்கிறது, அதைப் பார்.

தன்னை வரைந்ததில் ஒரு கையில் பாம்பைக் கழுத்தோடு பிடித்திருக்கிறார், இன்னொரு கையில் நட்சத்திரம் போட்ட நீலப் போர்வை காற்றில் பறக்கிறது, வழக்கமாக மாதாவைக் கீழே தாங்கி நிற்கும் குட்டித் தேவதையைத் தாண்டிக் குதிக்கிறார், அந்தத் தேவதையின் இறக்கைகள் சிவப்பு, வெள்ளை, நீலம். அமெரிக்கக் கொடியின் நிறம், தற்செயல் இல்லை. அம்மா தைத்துக்கொண்டிருப்பது எதை என்று உற்றுப் பார்த்தாயா? அதே நட்சத்திரப் போர்வையைத்தான். அவர் நிஜத்திலும் தையல் வேலை செய்தவர். பாட்டி அந்தப் போர்வையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார், ஒரு கையில் கத்தி, மறு கையில் உரித்த பாம்புத் தோல். வயதான பெண்ணை இவ்வளவு நிதானமாக, இவ்வளவு பலத்தோடு வரைந்த படங்கள் குறைவு. எல்லாமே காகிதத்தில் எண்ணெய்ப் பேஸ்டல், பெரிய செலவுள்ள பொருள் எதுவும் கிடையாது.

பாம்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கிறித்தவப் படங்களில் பாம்பு மாதாவின் காலடியில் மிதிபடும். மெக்சிகோவில் அதற்கு முன்பே பாம்பால் ஆன பாவாடை கட்டிய கோட்லிக்குவே என்ற தாய்த்தெய்வம் இருந்தாள். குவாதலூப்பே மாதா 1531ல் ஹுவான் தியேகோ என்ற பழங்குடி மனிதருக்குக் காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் டெப்பேயாக் குன்றிலும் முன்பு டொனான்ட்சின் என்று ஒரு தாயை வணங்கினார்கள். லோபெஸ் பாம்பைக் கையில் எடுத்தது அந்தப் பழைய அம்மாக்களையும் உள்ளே கூட்டிவருவதற்காக. புற்றுக்குப் பால் ஊற்றி நாகாத்தம்மனைக் கும்பிட்ட ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

லோபெஸ்தான் முதல் ஆள் என்றும் இல்லை. 1972ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆஸ்கோ என்ற குழுவில் இருந்த பாட்சி வால்டெஸ் கறுப்பு உடையில் குவாதலூப்பே மாதா வேடம் போட்டுத் தெருவிலேயே நடந்தார், நடமாடும் சுவரோவியம் என்று அதற்குப் பெயர். 1975ல் எஸ்தர் எர்னாண்டெஸ் ஒரு செதுக்கோவியம் செய்தார், அதில் மாதா கராத்தே உடையில் ஒளிவட்டத்தை விட்டுக் காலைத் தூக்கி உதைக்கிறாள், சிக்கானோ மக்களின் உரிமைகளைக் காக்கும் மாதா என்று தலைப்பு.

இவர்கள் ஏன் மாதாவையே எடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். 1810ல் மெக்சிகோ விடுதலைப் போரை ஹிடால்கோ பாதிரியார் அவள் கொடியைப் பிடித்துத்தான் தொடங்கினார். 1966ல் கலிஃபோர்னியாவில் சீசர் சாவேஸ் தலைமையில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் டெலானோவிலிருந்து சாக்ரமெண்டோவுக்கு நடந்தபோதும் முன்னால் போனது அவள் படம். ஆண்கள் அவளைப் போருக்கும் வேலைநிறுத்தத்துக்கும் தூக்கிக்கொண்டு போனபோது அது பக்தி. அதே இயக்கத்தில் சமைத்து, துண்டறிக்கை தட்டச்சு செய்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு மட்டும் "மாதாவைப் போல அடக்கமாக இரு" என்று அதே படத்தைக் காட்டினார்கள். ஒரு பெண் அவளுக்கு ஓட்டக் காலணி போட்டதும் சண்டை வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்த ஓவியர்கள் பக்கம்.

ஜூரோங்_மரியா:

நான் ஓவியம் படித்தவள் இல்லை. அறுபது தாண்டியவள், தினமும் செபமாலை சொல்கிறவள். மகளே, உன் அம்மாவின் பக்கத்திலிருந்து நான் பேசுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

மேலே தம்பி எழுதியதைப் படித்துவிட்டு எல்லாப் படங்களையும் தேடிப் பார்த்தேன். அந்தத் தைக்கிற அம்மாவின் படத்தை வெகுநேரம் பார்த்தேன். மூக்குக் கண்ணாடி, தடித்த கைகள், வேலையிலிருந்து தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கிற பார்வை. அதில் மாதாவுக்கு ஒரு குறையும் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் தேடும்போதே அல்மா லோபெஸ் என்று இன்னொருவர் 1999ல் செய்த படமும் வந்தது. உடம்பில் ரோஜாப் பூக்களை மட்டும் உடுத்தி, இடுப்பில் கை வைத்து நிற்கும் பெண், கீழே தேவதையின் இடத்தில் மார்பு திறந்த இன்னொரு பெண். அதை என்னால் ஏற்க முடியவில்லை. மாதாவிடம்தான் நாங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், வேலை போனாலும், புருஷன் குடித்துவிட்டு வந்தாலும் போய் அழுகிறோம். அந்த முகத்தின் கீழே வேறு எதையாவது வைத்தால், அழப் போகிற இடத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. உன் அம்மா பயந்தது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். மாதாவை அவமதிப்பாய் என்ற பயம் அவருக்கு இருக்காது. அந்த இடத்தில் தன்னை வைக்கிறாயே, அதற்குத் தனக்கு என்ன தகுதி இருக்கிறது என்ற பயம்.

நம் வேளாங்கண்ணியை நினைத்துப் பார். அவள் காட்சி கொடுத்ததாகச் சொல்வது பால் கொண்டுபோன பையனுக்கும், மோர் விற்ற கால் ஊனமான பையனுக்கும். பெரிய மனிதர் யாருக்கும் இல்லை. குவாதலூப்பேயிலும் ஏழைப் பழங்குடி மனிதருக்கு, அவருடைய மொழியிலேயே பேசினாள் என்கிறார்கள். அவளாகவே ஏழைகளிடம் வருகிறவள்தான். ஆனால் அவள் வருவது வேறு, நாம் போய் அவள் கிரீடத்தை எடுத்து மாட்டிக்கொள்வது வேறு இல்லையா?

பழைய_சுவர்:

அக்கா, நீங்கள் சொன்ன வித்தியாசம் எனக்குப் புரிகிறது, அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அல்மா லோபெஸ் படத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லவேண்டும், அந்தச் சண்டையில் தங்கச்சியின் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது.

அந்த ரோஜாக்கள் மாதாவின் கதையிலிருந்தே வந்தவை. டிசம்பர் குளிரில் பூத்த ரோஜாக்களை ஹுவான் தியேகோ தன் மேலாடையில் அள்ளிக்கொண்டு போய் ஆயரிடம் கொட்டினார், அப்போதுதான் துணியில் மாதாவின் உருவம் தெரிந்தது என்பது மரபு. அந்தப் பெண்ணின் போர்வையில் இருப்பது கோயோல்ஷாவ்கி, தம்பியால் வெட்டித் துண்டாக்கப்பட்ட நிலாத் தெய்வம். வெட்டப்பட்ட பெண்ணுடலைச் சுற்றிக்கொண்டு முழுதாக நிமிர்ந்து நிற்கும் ஒரு பெண். நான் அதை ஆபாசம் என்று படிக்கவில்லை. பெண்ணுடம்பு என்றாலே பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒருத்தி, மாதாவுக்கும் உடம்பு உண்டு என்று சொல்வதாகப் படிக்கிறேன்.

2001ல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டா ஃபேயில் ஒரு நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தில் அதை வைத்தார்கள். டிஜிட்டல் அச்சு, 14க்கு 17.5 அங்குலம், ஏ3 தாளைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். பேராயர் கண்டித்தார், நூற்றுக்கணக்கானோர் திரண்டு வந்தார்கள், வரிப்பணத்தில் நடக்கும் இடத்தில் எங்கள் தாயை இப்படி வைக்கலாமா என்று கேட்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள் இல்லை, அதே மாதாவைத் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட அதே மக்கள். அருங்காட்சியகம் படத்தை எடுக்க மறுத்தது, ஆனால் கண்காட்சியைக் குறித்த நாளுக்கு முன்பே முடித்துக்கொண்டது. யோலாண்டா லோபெஸுக்கும் இது நடந்ததுதான். குட்டைப் பாவாடையும் குதிகால் செருப்புமாக நடந்து போகும் மாதா படம் ஒன்றை 1984ல் மெக்சிகோவின் 'ஃபெம்' என்ற பெண்ணியப் பத்திரிகை அட்டையில் போட்டது, பத்திரிகைக்கு மிரட்டல்கள் வந்தன.

ஆக, அவர்களின் சொந்த மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றால், பிளந்துதான் போனார்கள். இன்றைக்கும் அப்படித்தான். அந்த முதல் மூன்று ஓவியங்கள் மட்டும் மெல்ல மெல்ல எல்லோருடைய வீட்டுப் படமாகவும் ஆகிவிட்டன. லோபெஸின் சொந்த ஊர் சான் டியேகோ. அவருடைய முதல் தனி அருங்காட்சியகக் கண்காட்சி அங்கே திறக்கச் சில வாரங்கள் இருக்கும்போது, 2021 செப்டம்பரில் அவர் இறந்துபோனார். இதை எழுதும்போதே மனசு கனக்கிறது. எழுபத்தெட்டு வயதில்தான் சொந்த ஊர் கூப்பிட்டது.

அங்_மோ_கியோ_அண்ணன்:

நடைமுறை விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். சிங்கப்பூரில் சமயத்தைத் தொட்டு எது செய்தாலும் இடம் பார்த்துச் செய்யவேண்டும். சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990லேயே வந்தது, 2019ல் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். அம்மாவையும் பாட்டியையும் மரியாதையாக வரைவதற்கு யாரும் பிடிக்கப்போவதில்லை, பயப்படாதே. ஆனால் வகுப்புக்குள் ஆசிரியர் பார்ப்பது ஒன்று, பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் தொங்கவிடுவது இன்னொன்று, அதைப் படம் எடுத்து யாரோ இன்ஸ்டாகிராமில் தலைப்பு மாற்றிப் போடுவது மூன்றாவது. உரிமம், அறிவிப்புப் பலகை எல்லாம் பள்ளியின் பொறுப்பாளரிடம் ஆரம்பத்திலேயே கேட்டு வைத்துக்கொள்.

நம் தமிழ் நாடக உலகத்திலேயே உதாரணம் இருக்கிறது. இளங்கோவன் எழுதி அக்கினிக் கூத்து என்ற நாடகக் குழு போட்ட 'தலாக்' 1998ல் தமிழில் மேடையேறியது, இந்திய முஸ்லிம் பெண்களின் மணவாழ்க்கைத் துன்பத்தைப் பேசிய நாடகம். 2000ல் அதையே மலாயிலும் ஆங்கிலத்திலும் போடப் போனபோது உரிமம் கிடைக்கவில்லை. உள்ளடக்கத்தைப் போலவே மொழியும் இடமும் பார்வையாளர்களும் கணக்கில் வரும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மஞ்சள்_குங்குமம்:

இந்துப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. இதைப் படித்ததும் பலருக்கு 2022ல் திரைப்பட இயக்குநர் லீனா மணிமேகலையின் 'காளி' படச் சுவரொட்டி ஞாபகம் வந்திருக்கும். காளி வேடத்தில் ஒரு பெண், வாயில் சிகரெட், கையில் வானவில் கொடி. டொரொண்டோவில் ஓர் அருங்காட்சியகம் மன்னிப்புக் கேட்டது, இந்தியாவில் வழக்குமேல் வழக்கு. எனக்கு அந்தப் படம் வலிக்கவில்லை, என் அக்காவுக்கு வலித்தது, இரண்டு பேரும் ஒரே கோவிலில்தான் மாவிளக்கு ஏற்றுகிறோம்.

ஆனால் என்னுடைய எண்ணம் வேறு. எங்கள் கிராமத்து வழக்கத்தில் சாமி வந்து ஆடும் பெண்ணின் காலில் ஊரே விழும். அந்த நேரத்தில் அவள்தான் அம்மன், மறுநாள் அவளே சந்தையில் கத்தரிக்காய் விற்பாள். சின்ன வயதில் இறந்துபோன பெண்ணைக் கன்னித் தெய்வமாக வீட்டில் வைத்துப் புடவை படைப்பார்கள். பெண்ணுக்கும் தெய்வத்துக்கும் நடுவில் இவ்வளவு பெரிய சுவர் எங்களுக்கு இருந்ததே இல்லை. அது நாள்காட்டிப் படங்களோடு வந்தது என்பது என் கருத்து. ரவிவர்மா 1894ல் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடுவீடாகக் கொண்டுபோன பிறகுதான் தெய்வம் என்றால் இந்த நிறம், இந்த மூக்கு, இந்த நகை என்று நம் கண்ணில் உறைந்துபோனது. 2017ல் சென்னையில் இருவர் கறுப்பான மாடல்களை வைத்துத் தெய்வங்களைப் படமெடுத்தபோது எத்தனை பேர் ஆச்சரியப்பட்டார்கள், நம் கருவறைச் சிலைகள் எல்லாம் கறுப்புக் கல்லில்தானே இருக்கின்றன!

அதனால் தங்கச்சி, உன் அம்மாவின் நிறத்தை ஒரு துளிகூட வெளுக்காமல் வரை. மற்றதெல்லாம் அப்புறம்.

தேக்கா_தூரிகை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மரியா ஆண்டி, நீங்கள் சொன்ன தகுதி விஷயம்தான் சரி. நேற்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "பாவாடை நாடா கோக்கிற கைம்மா இது, அங்க போய் எப்படி?" என்றார். இதைக் கேட்டபிறகு வரையவேண்டும் என்ற ஆசை இன்னும் கூடித்தான் போயிருக்கிறது, ஆனால் அவர் சம்மதம் இல்லாமல் செய்யமாட்டேன். கிரீடத்தை விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். கிரீடம் இல்லாமல் அது மாதா என்று தெரியுமா?

ஜூரோங்_மரியா:

மகளே, ஒன்று கேட்கிறேன். உன் அம்மா தைப்பவர் என்கிறாய். மாதாவுக்குப் புடவை தைத்துக் கொடுத்திருக்கிறாரா? ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருநாள் வரை எத்தனையோ பேர் நேர்ந்துகொண்டு மாதாவுக்குப் புடவை சாத்துவார்கள், சரிகை வைத்துத் தைப்பதற்கு ஆள் தேடி அலைவார்கள்.

தேக்கா_தூரிகை:

தைத்திருக்கிறார் ஆண்டி! நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீலப் பட்டில் ஒன்று, என் மடியில் வைத்துத்தான் ஓரம் அடித்தார். அப்புறம் உறவினர்கள் கேட்டும் இரண்டு மூன்று முறை.

ஜூரோங்_மரியா:

அப்படியானால் அதை வரை. நீலப் பட்டு இயந்திரத்திலிருந்து இறங்கித் தரை முழுக்கப் பரவட்டும், கதிர்கள் அம்மாவுக்குப் பின்னால் வரட்டும், கிரீடம் யார் தலையிலும் வேண்டாம், மேசைமேல் இருக்கட்டும். அந்த யோலாண்டா செய்ததும் கிட்டத்தட்ட இதுதானே, அந்த அம்மா போர்வையைப் போர்த்திக்கொள்ளவில்லை, தைக்கிறார். இப்படி என்றால் என்னைக் கேட்டாலும் நான் உட்காருவேன்.

பழைய_சுவர்:

அக்கா, இது என் மண்டையில் வரவில்லை. அருமை. தங்கச்சி, இதோடு அமாலியா மேசா-பெயின்ஸ் என்பவரையும் பார்த்துவிடு. அவர் ஓவியம் வரைவதைவிட வீட்டுப் பீடங்களைத்தான் படைப்பாகச் செய்தார். பாட்டிமார் புகைப்படம், மெழுகுவத்தி, காய்ந்த பூ, சீப்பு, வாசனைப் புட்டி எல்லாம் அடுக்கி, மெக்சிகோ நடிகை டொலோரஸ் தெல் ரியோவுக்கு 1984ல் அவர் செய்த பீடம் பிறகு விரிவாகி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டுப் பீடத்தை அலங்கரிப்பது பெண்கள் தலைமுறையாகச் செய்துவந்த கலை என்று வாதாடியவர் அவர். உன் பாட்டிக்கு அவரிடமிருந்து வழி கிடைக்கலாம். பூக்கட்டும் நாரும் வாழைப்பட்டையும் நிஜமாகவே ஓவியத்துக்கு முன்னால் வைக்கலாம்.

தேக்கா_தூரிகை:

பாட்டி பயன்படுத்திய பூக்கூடை இன்னும் வீட்டில் இருக்கிறது, அதையே வைக்கிறேன். மரியா ஆண்டி சொன்ன மாதிரி சின்னதாக ஒரு பென்சில் படம் போட்டு அம்மாவிடம் காட்டினேன். உடனே சரி என்று சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, சரிகை ஓரம் தப்பான பக்கம் வந்திருக்கிறது, மடிப்பு இப்படி விழாது என்று திருத்தினார், ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தில் உட்கார்கிறேன், அப்போது பார்த்து வரை என்றார். என்னுடைய படத்துக்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை, அது அடுத்த மாதம்தான். இப்போதைக்கு ஒரு உதவி: எண்ணெய்ப் பேஸ்டலில் நல்ல ஆழமான நீலம் இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்? பிராஸ் பாசாவில் பார்த்ததெல்லாம் பச்சை கலந்த மாதிரி இருக்கிறது.